பல்புக்குள் விடுபட்ட காயிலும் இரவு வானொலியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மத்திய அலை வானொலியின் காலம் முடிந்துவிட்டது என்று சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நேயர்கள் குறைந்ததற்குக் கட்டுரையாளர் சொன்ன காரணங்கள் சரியானவையே. பண்பலையும் கைப்பேசியும் வந்த பிறகு யார் மத்திய அலைப் பக்கம் முள்ளைத் திருப்பப் போகிறார்கள்? ஆனால் அந்த அலைவரிசைகளே இயல்பில் இரைச்சல் மிகுந்தவை, இனி எதற்கும் உதவாதவை என்று அவர் முடித்திருந்ததை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. திசையன்விளையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். இரவில் ஹாம் வானொலி, அதாவது அரசு உரிமம் பெற்று, லாப நோக்கமின்றி வானொலியில் மற்றவர்களோடு பேசும் பொழுதுபோக்கு. அதிலும் பலர் தொடாத 160 மீட்டர், 80 மீட்டர் (அலையின் நீளத்தை வைத்து வந்த பெயர்) அலைவரிசைகள்தான் எனக்கு உயிர். மத்திய அலை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, 1.8 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது 160 மீட்டர். அங்கே கேட்கிற இரைச்சலில் பெரும்பகுதி நம் வீட்டு எல்இடி பல்பிலும் சார்ஜரிலும் பிறக்கிறது. அதைச் செய்கிறவர்கள் நினைத்தால் சில ரூபாயில் தடுத்துவிடலாம். அதை எடுத்துச் சொல்லத்தான் எழுதுகிறேன்; கடிதத்தின் நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

மின்தடை வரும்போதெல்லாம் இதற்குச் சான்று கிடைக்கிறது. என் ரிசீவர் பேட்டரியில் ஓடுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு 160 மீட்டரில் சிக்னல் மீட்டர் 9-ல் நிற்கும். காதில் ஒரே சீறல். ஊரில் கரண்ட் போன நொடியில் மீட்டர் 3-க்கு இறங்கிவிடும். அதுவரை புதைந்து கிடந்த மோர்ஸ் ஒலிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். கரண்ட் வந்ததும் எல்லாம் மறுபடி மூழ்கிவிடும். அந்த மீட்டரில் ஒரு பிரிவு 6 டெசிபல். 6 பிரிவுக்கு 36 டெசிபல், சக்தியில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4,000 மடங்கு. ஊர் இருட்டாக இருக்கும்போது 100 வாட்டில் தெளிவாகக் கேட்கிற ஒருவர், விளக்கு எரியும்போது அதே தெளிவில் கேட்க வேண்டுமென்றால் 4 லட்சம் வாட் அனுப்ப வேண்டும். தூத்துக்குடி வானொலி நிலையத்தின் மத்திய அலை டிரான்ஸ்மிட்டரே 200 கிலோவாட்தான். இத்தனைக்கும் நான் இருப்பது ஒரு சிறிய ஊரில். சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடியில் இருந்துகொண்டு 160 மீட்டர் கேட்கிற நண்பர்களின் பாடு இதைவிட மோசம்.

இந்த அலைவரிசைகள் எப்படி வேலை செய்கின்றன என்பது வயதான வாசகர்கள் அனுபவத்தில் அறிந்ததுதான். பகலில் பக்கத்து நிலையம் மட்டும் எடுக்கும் ரேடியோ, பொழுது சாய்ந்ததும் எங்கெங்கோ உள்ள ஊர்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டும். தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயில் பட்டதும் 'டி' அடுக்கு என்று ஓர் அயனி அடுக்கு, அதாவது மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு, உருவாகிறது. அலையின் அதிர்வெண் குறையக் குறைய அது விழுங்குவது கூடிக்கொண்டே போகும். சூரியன் மறைந்த சிறிது நேரத்திலேயே அது கரைந்துவிடுகிறது. பிறகு மேலே உள்ள அடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்பத் தடை இல்லை. 1902 பிப்ரவரியில் மார்க்கோனி 'பிலடெல்பியா' என்ற கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த சிக்னல் பகலில் சுமார் 1,100 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. இரவில் ஒற்றை எழுத்து 3,300 கிலோமீட்டருக்கும் மேல் எட்டியது. காரணம் அப்போது அவருக்கே விளங்கவில்லை. இந்த அடுக்குகள் சேர்ந்த அயனி மண்டலம் இருப்பதை பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆப்பிள்டன் சோதனை செய்து காட்டியது 1924-ல்.

இதில் எங்கள் சீமைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பூமியின் காந்தப்புலம் மேலும் கீழும் சாயாமல் வடக்கு தெற்காகப் படுத்துக் கிடக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் செல்கிறது. ராக்கெட் ஏவும் தளத்துக்குத் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் அதே காரணத்தால்தான். 1992-லிருந்து அங்கே மேல்வளிக் காற்றை அளந்த ரேடாரின் அதிர்வெண் என்ன தெரியுமா? 1.98 மெகாஹெர்ட்ஸ். நாங்கள் காது கொடுக்கிற 160 மீட்டருக்கு அடுத்த வீடு. உதவாத அலைவரிசை என்றால் விஞ்ஞானிகள் அங்கே போய் ரேடார் வைப்பார்களா?

காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் எங்களுக்கு வருகிற சிக்கலையும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வானொலி அலை அயனி மண்டலத்துக்குள் நுழைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அதிகம் இழக்காமல் போய்விடும். மற்றொன்றின் சக்தியை அங்குள்ள எலக்ட்ரான்கள் வாங்கிக்கொள்ளும். அந்த எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும் வேகம் எங்கள் தலைக்கு மேல் நொடிக்குச் சுமார் 11 லட்சம் சுற்று, அதாவது 1.1 மெகாஹெர்ட்ஸ். 160 மீட்டர் அதை நெருங்கி இருப்பதால் இழப்பு கடுமையாகிறது. செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவிலிருந்து கிழக்கேயோ மேற்கேயோ போகிற அலையில் பெரும்பங்கு அந்த இரண்டாவது வகையில் போய்ச் சேர்ந்து வீணாகிறது. வடக்கு தெற்காக இழுத்துக் கட்டிய படுக்கைக் கம்பியிலிருந்து கிளம்பினால் முதல் வகையில் சேரும். வடக்கு நோக்கிப் போவதென்றால் செங்குத்து ஆன்டெனாவுக்கு இந்தத் தண்டனை இல்லை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதிய கையேடுகள் 160 மீட்டரில் தூர தேசம் பிடிக்கச் செங்குத்து ஆன்டெனாதான் என்று சொல்லும். அவர்கள் ஊருக்கு அது சரி. இங்கே அதை அப்படியே நம்பி ஆஸ்திரேலியாவைக் கூப்பிடும் இளைஞர் மனம் தளர்ந்துபோவார். என்னிடம் இரண்டும் உண்டு. 1.83 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 41 மீட்டர். அவ்வளவு உயரத்துக்கு எந்தப் பனையும் கிடையாது. ஆகவே பனையின் உச்சிவரை செங்குத்தாக ஏற்றி, மிச்சக் கம்பியை அடுத்த பனைக்கு இழுத்திருக்கிறேன். பனையேறும் தம்பி ஒருவர் உச்சியில் கப்பி கட்டிக் கொடுத்தார். இப்போது கீழே நின்றே கம்பியை ஏற்றி இறக்கலாம். அடியில் மண்ணுக்குள் நாலாபக்கமும் பழைய மோட்டார்களில் உரித்த செம்புக் கம்பி. படுக்கைக் கம்பி தனியே வடக்கு தெற்காக, அரை அலை நீளம், 78 மீட்டர். அது தாழ்வாக இருப்பதால் சக்தியில் பெரும்பகுதி நேரே மேலே போய்விடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கத்து நிலையங்கள் அதில்தான் எனக்கு நன்றாக எடுக்கின்றன.

கேட்பதற்கு மட்டும் இன்னொன்று: பெவரேஜ் ஆன்டெனா. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, 160 மீட்டர் நீளத்துக்குக் குறையாமல் ஒரே நேர்க்கோட்டில் ஓடும் கம்பி. மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் இடத்தில் அது வேலை செய்யாது. காய்ந்த மணலில்தான் அதன் அருமை தெரியும். உழவுக்கு ஆகாது என்று விட்ட எங்கள் தேரிக்காடு அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. வடமேற்கு நோக்கி அந்தக் கம்பியைப் போட்டால், விடியலுக்கு முந்தைய அரை மணி நேரத்தில் ஐரோப்பா தெரியும். நமக்கு விடியும்போது அவர்களுக்கு நடுராத்திரி.

வருடத்தில் மிக அரிய வாய்ப்பு மார்கழியில் வருகிறது. டிசம்பர் 20 வாக்கில் சென்னையில் சூரியன் மறைவது மாலை 5.48 அளவில், அதே சில நிமிடங்களில் நியூயார்க்கில் சூரியன் உதிக்கிறது. எங்கள் ஊரில் பொழுது சாய இன்னும் இருபது நிமிடம் ஆகும், ஆனால் சிகாகோ பக்கம் விடிய அதற்குப் பிறகும் அரை மணிக்கு மேல் இருக்கிறது. அந்த அரை மணி நேரம் இங்கிருந்து வட துருவத்தின் மேலாக அமெரிக்கா வரை பாதை முழுக்க இருட்டு. துருவ ஒளி மண்டலம் கொந்தளிக்காமல் அமைதியாக இருக்கும் நாளில், 1.8 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்க நடுப்பகுதி நிலையம் மெலிந்த மோர்ஸ் ஒலியாக எங்கள் பனைக் கம்பியில் வந்து விழும். பாதை வடக்கு நோக்கியது என்பதால் இதற்குச் செங்குத்துக் கம்பியே போதும். நான் கேட்டிருக்கிறேன், பதிலும் வாங்கியிருக்கிறேன். அந்த மகிழ்ச்சியை எழுத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அந்த அரை மணி நேரம்தான் ஊரெல்லாம் விளக்கு வைக்கிற நேரமும். ஆறேகாலுக்குத் தெருவிளக்கு எரிந்ததும் அமெரிக்கா போய்விடும்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சட்டைப்பையில் அடங்கும் மத்திய அலை டிரான்சிஸ்டர் போதும். எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் சத்தம் கூடுகிற வீடு தெரியும். ரேடியோவைத் திருப்பிப் பார்த்தால் உள்ளிருக்கும் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) தண்டின் முனை எந்தப் பக்கம் இருக்கும்போது சத்தம் அடங்குகிறதோ அந்தப் பக்கம்தான் மூலம். அப்படித்தான் எங்கள் தெரு மளிகைக்கடைக்குப் போய் நின்றேன். "பல்பு நல்லாத்தானே எரியுது அண்ணாச்சி, மாத்தணும்னு சொல்லுதிய?" என்றார் கடைக்காரர். ரேடியோவை பல்பின் அருகே கொண்டுபோய், சுவிட்சை அணைத்தும் போட்டும் காட்டினேன். அவரே ஆச்சரியப்பட்டு அதைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வேறொரு பல்பு வாங்கி மாட்டிவிட்டு, கழற்றியதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

மூடியைப் பெயர்த்தால் உள்ளே கட்டைவிரல் அகல டிரைவர் பலகை. அதில் மின்சாரம் நுழைகிற இடத்தில் வெள்ளை எழுத்தில் 'எல்1' என்றும் 'சிஎக்ஸ்1' என்றும் அச்சிட்டிருக்கிறது. எல்1 என்பது இரைச்சலை வெளியே விடாமல் மறிக்கிற காயில். சிஎக்ஸ்1 அதற்குத் துணையான கபாசிட்டர். காயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். கபாசிட்டரின் இரண்டு துளைகளும் வெறுமையாக இருந்தன. வடிவமைத்தவருக்கு அங்கே வடிகட்டி வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, இடமும் ஒதுக்கியிருக்கிறார். தயாரித்தவர் காசை மிச்சம் பிடிக்க எடுத்துவிட்டார். காயில் கட்டியே பிழைக்கிற எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மின்னோட்டத்தை நொடிக்கு அறுபதாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுப்பதுதான் அந்தப் பலகையின் வேலை. வடிகட்டி இல்லையென்றால் அந்த வெட்டின் எதிரொலி 60, 120, 180 கிலோஹெர்ட்ஸ் என்று ஏறி, மத்திய அலை முழுக்கப் பரவி, 160 மீட்டரையும் 80 மீட்டரையும் தாண்டிப் போகும். சுவருக்குள் ஓடும் ஒயரிங் முழுவதும் அதற்கு ஆன்டெனாவாகிவிடுகிறது.

காயிலும் கபாசிட்டரும் உள்ள பல்புகளும் அதே கடைகளில் கிடைக்கின்றன, விலையில் பெரிய வித்தியாசமில்லை. விளக்குகள் எவ்வளவு இரைச்சல் வெளிவிடலாம் என்பதற்கு சிஸ்பர் 15 என்ற சர்வதேச வரம்பே இருக்கிறது. அது 9 கிலோஹெர்ட்ஸிலிருந்தே தொடங்குகிறது. மொத்தமாகத் தெருவிளக்கு வாங்குகிற உள்ளாட்சி அமைப்புகள், ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்து, சோதனைச் சான்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். கூரைச் சோலாருக்கும் இதுவே. 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் இலக்கு 1 கோடி வீடுகள். நான் அதை மனதார வரவேற்கிறேன், என் பட்டறைக் கூரையிலும் பேனல் இருக்கிறது. ஆனால் 1 கோடி இன்வெர்ட்டர்களும் வடிகட்டியோடு வர வேண்டும். பொருத்திய பிறகு ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவது ஆகிற காரியமில்லை. கோயில் கொடைக்குப் போடும் சீரியல் விளக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அது மூன்று நாள். வருடம் முழுக்க எரிவதைத்தான் சொல்கிறேன்.

இது பொழுதுபோக்குக்காரர்களின் புலம்பல் என்று நினைப்பவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பார்க்கட்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுவிட்டது. ஊருக்கு ஊர் கைப்பேசி கோபுரங்கள் செயலிழந்தன. அந்த மாதிரி நேரத்தில் 50, 100, 300 கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவில் எந்தக் கோபுரமும் இல்லாமல் பேச வைப்பது தாழ்வாகக் கட்டிய ஒரு கம்பியும், பகலில் 40 மீட்டரும், இரவில் 80 மீட்டரும். அலை நேரே மேலே போய் நேரே கீழே இறங்குவதால் இடையில் கேட்காத பகுதி என்று ஒன்று இல்லை. தொலைதேசம் பிடிக்கக் குறையாகிற தாழ்வு இங்கே பலமாகிறது. 2004 சுனாமியின்போது அந்தமானில் தற்செயலாக முகாமிட்டிருந்த இந்திய ஹாம்கள் போர்ட் பிளேரிலிருந்து செய்த சேவையை நாடே அறியும். கரண்ட் போன ஊரிலிருந்து அனுப்புகிறவருக்கு இரைச்சல் இருக்காது. ஆனால் அதைக் கேட்டு உதவி அனுப்ப வேண்டிய மாவட்டத் தலைநகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். அங்கே மீட்டர் 9-ல் நின்றால், பேட்டரியில் 10 வாட்டில் பேசுகிறவரின் குரல் யார் காதில் விழும்?

இன்னும் கீழே போனால் 472 கிலோஹெர்ட்ஸும் 136 கிலோஹெர்ட்ஸும் இருக்கின்றன. முறையே 2012, 2007 ஆண்டுகளின் உலக வானொலி மாநாடுகள் அவற்றில் ஒரு துண்டை ஹாம்களுக்கு ஒதுக்கின. ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் சக்தி 1 வாட் அளவில்தான் இருக்கலாம் என்று கட்டுப்பாடு. அதிலும் கடல் கடந்து கேட்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் விஜயநாராயணத்தில் 1990-லிருந்து இயங்கும் கடற்படை நிலையம் அதற்கும் கீழே, 18.2 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறது. ஒரு காயிலைச் சுற்றி, கணினியின் சவுண்ட் கார்டில் செருகினாலே அந்த சிக்னல் தெரியும். 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது நாட்டின் பல இடங்களில் அதை வைத்து அயனி மண்டலம் எப்படி மாறியது என்று அளந்தார்கள். எங்களுக்கு அது மிக அருகில் இருப்பதால் தரை வழியாகவே வந்துவிடுகிறது, வானத்தின் கதையைச் சொல்லாது. ஆனால் சென்னைப் பள்ளி மாணவர்கள் தாராளமாகச் செய்யலாம். சூரியனில் வெடிப்பு நிகழும்போது சில நிமிடங்களில், திரையில் அந்த சிக்னலின் பலத்தைக் காட்டும் கோடு துள்ளுவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

காலமும் கூடி வருகிறது. ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியப் புள்ளிகளின் 25-ஆம் சுழற்சி 2024-ல் உச்சம் தொட்டு இறங்குமுகத்தில் இருக்கிறது. புள்ளிகள் குறையக் குறைய உயர் அலைவரிசைகள் வாடும், 160 மீட்டரும் 80 மீட்டரும் செழிக்கும். அடுத்த ஐந்தாறு தை, மாசி மாதங்கள், மழையும் இடியும் ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் அந்த இரவுகள், ஒரு தலைமுறைக்கு ஓரிரு முறையே கிடைப்பவை. 12 வயதானால் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெறலாம். பெற்ற பிள்ளைகள் ரிசீவரைத் திறந்ததும் சீறல் மட்டும் கேட்டால் மறுநாள் அந்தப் பக்கம் வருவார்களா?

எலெக்ட்ரீசியன் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சார்ஜரோ சிசிடிவி அடாப்டரோ இரைச்சல் போட்டால், அதன் ஒயரை ஒரு பெரிய ஃபெரைட் வளையத்தில் சுற்றிவிடுங்கள். 31 ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். ஒயரை ஒரு தடவை நுழைத்தால் இந்த அலைவரிசைகளில் பலன் இல்லை. பத்துப் பன்னிரண்டு சுற்று வேண்டும். சுற்றை இரட்டித்தால் மறிக்கும் திறன் நான்கு மடங்காகும், காயில் கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். வாசகர்கள் புது பல்பு வாங்கும்போது கடையிலேயே பழைய ரேடியோ ஒன்றை அருகில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். சீறினால் அந்த பல்பு வேண்டாம் என்று சொல்லுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எந்தப் பள்ளியாவது இதை மாணவர்களுக்குச் செய்துகாட்ட விரும்பினால், என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. ரிசீவர், பேட்டரி, கழற்றிய பல்பு எல்லாவற்றையும் என் செலவில் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஹாம் வானொலி உரிமம் பெற்ற வாசகர்,
திசையன்விளை, திருநெல்வேலி மாவட்டம்.